கீட்டோகொனசோல் 2% ஷாம்பூ: விசுவமடுக் கிணற்றுத் தண்ணீரில் நான்கு மாதம்

ஆனி மாதம் ஒரு சாமத்தியவீட்டுக்குச் சாறி பிளவுஸ்கள் தைக்க வந்திருந்தன. அதில் ஒன்று கறுப்பு வெல்வெட். மேசையில் விரித்து, குனிந்து கழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது துணியில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. சோக் தூள் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். மறுபடி குனிந்தேன், மறுபடி விழுந்தது. சோக் தூள் ஊதினால் பறக்கும். இது விரலில் மெழுகுபோல ஒட்டியது. பிள்ளையின் தாய் எதிரில் கதிரையில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய பார்வை என் தலைக்கு ஒருதரம் போய் வந்ததை நான் கண்டேன். அவர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விசுவமடுவில் பதினொரு வருடமாகத் தைக்கிறேன். சுத்தமாகத் தைப்பா என்றுதான் என்னைத் தேடி வருகிறார்கள்.

இதை எழுதுவது ஒரு ஷாம்பூவைப் பற்றிச் சொல்லத்தான். போத்தலில் கீட்டோகொனசோல் 2% என்று எழுதியிருக்கும். ஆடி மாதம் தொடங்கினேன், இப்போது மாரி பிடித்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் நான் என்னென்ன செய்து தலையைக் கெடுத்தேன் என்று சொல்லாமல் ஷாம்பூ நல்லது என்று மட்டும் சொன்னால் வாசிக்கிறவர்களுக்குப் பிரயோசனம் இல்லை.

எனக்கு அது ஊத்தை என்றுதான் தோன்றியது. காதுக்குப் பின்னாலும் உச்சியிலும் பிடரியிலும் சுரண்டினால், மஞ்சள் கலந்த பசையாக நகத்துக்குள் வந்தது. சோளகம் அடிக்கிற காலம். ஸ்கூட்டியில் தர்மபுரம் வரை போய் வந்தாலே தலை முழுக்கப் புழுதி. புழுதியும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து படிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். ஊத்தை என்றால் தேய்த்துக் கழுவ வேண்டியதுதானே. உடம்புக்குப் போடுகிற சவர்க்காரத்தையே தலைக்கும் போட்டு ஒவ்வொரு நாளும் முழுகினேன். நகத்தால் தேய்த்தேன், பேன் சீப்பால் சுரண்டினேன். சுரண்டின அன்றைக்குத் தலை துப்புரவாக இருக்கும். மூன்றாம் நாள் முன்னையதைவிடத் தடிப்பாகப் படிந்திருக்கும்.

மாமி வேறு காரணம் சொன்னார். "நீ எண்ணெய் வைக்கிறேல்லை பிள்ளை, அதுதான் தலை காஞ்சு உரியுது." தானே தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, வேப்பிலை போட்டு, என்னைப் படியில் இருத்தி ஆறுதலாகத் தேய்த்துவிட்டார். அந்த இரவு நல்ல சுகம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஒரு செதிலும் தெரியவில்லை. எண்ணெயில் ஊறிப் படுத்திருந்ததை நான் போய்விட்டது என்று நம்பினேன். இரண்டு நாளில் கடி தாங்க முடியாமல் போனது, தையல் மெஷினில் ஒரு கையும் தலையில் ஒரு கையுமாக இருந்தேன்.

பிறகு டவுனில் ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். தலைத்தோல் சிகிச்சை, 4,500 ரூபா. சீனிபோல மணி மணியாக இருந்த ஒன்றைப் பூசி உரசினார்கள், ஆவி பிடித்தார்கள், கடைசியில் வாசனை எண்ணெய் போட்டு மசாஜ் செய்தார்கள். அன்பாகத்தான் நடத்தினார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் தலையைப் பிரித்துப் பார்த்த இரண்டு பேரில் ஒருவர்கூட இது என்ன என்று யோசிக்கவில்லை. சிவந்து போயிருந்த தோலை உரசக் கூடாது என்றும் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது ஹெல்மற் பட்ட இடமெல்லாம் எரிந்தது, அடுத்த நாள் காதுக்குப் பின்னால் நீர் கசிந்தது. ஆறு தடவை வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் திரும்பப் போகவில்லை. தலைக்குச் சிகிச்சை என்று காசு வாங்குகிற இடத்தில், "இதை முதலில் டொக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்ல ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்து, காலை ஏழு மணியிலிருந்து வாங்கில் இருந்து, பதினொன்றரைக்கு உள்ளே போனேன். டொக்டர் என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூடியவர். தலையை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். புருவத்தைப் பார்த்தார், மூக்கின் இரண்டு பக்க மடிப்பையும் பார்த்தார், முழங்கையையும் முழங்காலையும் காட்டச் சொன்னார். என்ன போட்டு முழுகுகிறீர்கள், எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருதரம், நித்திரை கொள்கிறீர்களா என்று கேட்டார். கடைசியில் சொன்னார்: "இது ஊத்தை இல்லை அம்மா. உங்கட தோல் அவசரப்பட்டுக் கழருது."

அவர் விளங்கப்படுத்தியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். எல்லாருடைய தலைத்தோலிலும் மலசேசியா என்று ஒரு வகை நுண்ணிய பங்கசு குடியிருக்கிறது. தோலில் ஊறுகிற எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அந்த எண்ணெயை அது உடைத்துத் தின்னும்போது மிஞ்சுகிற அமிலங்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துவராது, தோல் சிவந்து கடிக்கத் தொடங்கும். சாதாரணமாகத் தோலின் அடியில் உண்டாகிற கலங்கள் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும், உதிர்வதும் கண்ணுக்குத் தெரியாது. இப்படிச் சிவந்த தோலில் அவை பழுக்க முதலே, ஒன்றோடொன்று ஒட்டியபடி கட்டியாகக் கழரும். அதில் தலையின் எண்ணெயும் ஊறினால் நான் கண்ட அந்த மஞ்சள் மெழுகு. கொஞ்சமாக இருந்தால் அதுதான் பொடுகு. கூடி, சிவந்து, புருவம் மூக்கு என்று இறங்கினால் அதற்குப் பெயர் செபோரிக் டேர்மடைடிஸ்.

இப்போது நான் செய்ததையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தேன். சுரண்டியது, புண்பட்ட தோலை இன்னும் புண்படுத்தி இன்னும் வேகமாகக் கழர வைத்தது. இரவிரவாகத் தலைத்தோலில் ஊறிய எண்ணெய் செதிலை ஒட்டவைத்து மறைத்தது. அந்தப் பங்கசுக்கு எண்ணெய்க் குறையும் இல்லாமல் போனது. "தொத்துமோ டொக்டர்?" என்று கேட்டேன். என் கவலை, வாடிக்கையாளர்களின் துணி. "தொத்தாது. நீங்கள் சுத்தம் இல்லாததால வந்ததும் இல்லை" என்றார். அந்த இரண்டாவது வசனத்துக்காகவே நான் நாலரை மணித்தியாலம் வாங்கில் இருந்தது தகும்.

முழங்கையைப் பார்த்த காரணத்தையும் கேட்டேன். சொரியாசிஸ் என்கிற வேறொரு தோல்நோய் என்றால் பெரும்பாலும் செதில் இன்னும் தடிப்பாக, வெள்ளி நிறத்தில், மயிர்க்கரையைத் தாண்டி நெற்றிக்கு இறங்கும், முழங்கை முழங்காலிலும் இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு வட்டமாக மயிர் முறிந்து செதில் பிடித்தால் அது படர்தாமரை வகை, குளிசை குடிக்காமல் ஷாம்பூவால் மட்டும் மாறாது. கைக்குழந்தையின் உச்சியில் படிகிற மஞ்சள் பொருக்கு பெரும்பாலும் சில மாதங்களில் தானே போகும், கொஞ்சம் எண்ணெய் பூசி ஊறவைத்து மெல்லமாகத் துடைத்தால் போதும், பிடுங்கக் கூடாது. (என் தங்கை தன் பிள்ளைக்கு நகத்தால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே கோல் எடுத்து நிற்பாட்டினேன்.)

எனக்கு மூன்று மருந்து எழுதினார். நீர் கசிகிற இடத்துக்கு ஒரு ஸ்டீரோயிட் நீர்மருந்து, ஏழே நாள். அது ஆறின பிறகு பிடரியில் தடித்த இடங்களுக்குச் சலிசிலிக் அமிலம் கலந்த மருந்து, அது செதிலை இளக்கிக் கழரப் பண்ணும். மூன்றாவது இந்த ஷாம்பூ. ஸ்டீரோயிட் பற்றி ஒரு வார்த்தை. அது கடியைச் சீக்கிரம் அடக்கிவிடுகிறது, அதனால்தான் ஆபத்து. டொக்டர் எழுதிய அதே மருந்துத் துண்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் பூசுகிறவர்களை எனக்குத் தெரியும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துபோகும். ஏழு நாள் என்றால் ஏழு நாள்.

சரி, ஷாம்பூவுக்கு வருகிறேன்.

100 மில்லி போத்தல், 1,850 ரூபா கொடுத்தேன். சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நிறம், களிப்பதம், வாசனை மருந்து வாசனைதான், முழுகி முடிந்தால் நிற்காது. மருந்துக்கடைத் தம்பி போத்தலை உறையில் போட முதல் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன விசயம் ஒன்று. "அக்கா, போட்ட உடனே கழுவிப்போடாதேங்கோ. அஞ்சு நிமிசம் தலையில நிக்கவேணும்." இது சோப்பு இல்லை, மருந்து. பங்கசு தன் மேலுறையைக் கட்டிக்கொள்ள விடாமல் தடுப்பதுதான் கீட்டோகொனசோல் செய்கிற வேலை, அது தோலில் பட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் நடக்கும். போட்டு அடுத்த நிமிடமே வாளித் தண்ணீரை ஊற்றினால் 1,850 ரூபா வாய்க்காலால் போய் வாழைக்குச் சேரும். எங்கள் கிணற்றடியில் நின்றால் குசினி யன்னலுக்குள்ளால் மணிக்கூடு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்து நிமிடம் ஈரத்தலையோடு நிற்பது நீண்ட நேரம்தான், முதல் கிழமை முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன், பிறகு பழகிவிட்டது.

எனக்கு இடுப்புவரை மயிர். முதல் நாள் மயிர் முழுவதும் பூசி போத்தலில் கால்வாசியை முடித்துவிட்டேன். அது வீண். மருந்து போக வேண்டிய இடம் தோல். மயிரை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி பூசினால் இரண்டு தேக்கரண்டி அளவு தாராளம். நுனிமயிருக்கு, கழுவும்போது வழிகிற நுரையே போதும். நுரை கண்ணுக்குள் போனால் எரியும், தலையைப் பின்னால் சரித்துக் கழுவுங்கள்.

கிழமைக்கு இரண்டு தரம், நான்கு கிழமை. முதல் கிழமையில் ஒரு வித்தியாசமும் இல்லை, நான் மனம் விட்டுப்போனேன். இரண்டாம் கிழமை நடுவில் ஒருநாள் இரவு, கடிக்கவில்லை என்பதையே நித்திரைக்குப் போகும்போதுதான் கவனித்தேன். செதில் குறைய மூன்றாம் கிழமை ஆனது. கடிதான் முதலில் போகிறது, படிவு பிந்தித்தான் போகிறது. படிவு இருக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லையே என்று அந்த இடையில் விட்டுவிடாதீர்கள். நான்காம் கிழமை முடிவில் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவினால் வழுவழுப்பான தோல்.

குறை என்று சொன்னால், மயிரை வறட்டுகிறது. நுனி வைக்கோல்போல ஆகிவிட்டது. இன்னொன்று, இது ஒருதரம் பாவித்தால் முழுதாகத் தீர்ந்துபோகிற நோய் இல்லை, அதை போத்தலில் யாரும் பெரிய எழுத்தில் எழுதுவதில்லை. மாறிவிட்டது என்று ஆவணியில் நிற்பாட்டினேன். ஐந்து கிழமையில் காதுக்குப் பின்னால் திரும்பத் தொடங்கியது. அந்தப் பங்கசு எப்போதும் தலையில் இருப்பதுதான், நாம் அதைக் குறைத்து வைக்கத்தான் முடியும். திரும்ப இரண்டு கிழமை இரண்டு தரம் போட்டேன், இப்போது கிழமைக்கு ஒருதரம், இனி இரண்டு கிழமைக்கு ஒருதரமாக்கப் போகிறேன். இந்தக் கணக்கில் இரண்டாவது போத்தலில் இன்னும் விரலளவு இருக்கிறது. மாதச் செலவு முதலில் தான் கடினம்.

இவ்வளவும் தோலின் கதை. தண்ணீரின் கதை தனி, அதைப் பிரித்து அறிய எனக்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது. தோல் ஆறின பிறகும் மயிரை இரண்டு விரலுக்கிடையில் இழுத்தால் மாப் பூசியதுபோல ஒரு சொரசொரப்பு இருந்தது. சீப்பின் பல்லிடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியது. ஒருநாள் தேத்தண்ணிக்குக் கேத்தலைக் கழுவும்போதுதான் உள்ளே படிந்திருக்கிற வெள்ளைக் கல்லை நின்று பார்த்தேன். வன்னியில் கேத்தல் வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்தக் கல்லைத் தெரியும். தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடினால் அது வன்னீர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால், சவர்க்காரத்தின் கொழுப்பமிலமும் கல்சியமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைப் பசையாகிவிடும். வாளியின் ஓரத்தில் படிகிற வளையம் அதுதான். ஒவ்வொரு நாளும் நான் சவர்க்காரம் போட்டு மயிரில் பூசியதும் அதைத்தான். கழுவக் கழுவக் கூடியது ஏன் என்று அப்போது விளங்கியது. ஷாம்பூவில் இருக்கிற கழுவுபொருள் வேறு வகை, வன்னீரில் நுரை குறையுமே தவிர இந்தப் பசை உண்டாகாது. அதனால் தலைக்குச் சவர்க்காரம் போடுவதை நானும் என் பிள்ளைகளும் முற்றாக நிற்பாட்டிவிட்டோம்.

ஏற்கனவே படிந்ததைப் போக்க, முழுகி முடிந்து ஒரு சிறிய வாளித் தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து, வடித்து, மயிரில் ஊற்றி, உடனே நல்ல தண்ணீரால் கழுவினேன். புளிப்பு அந்தக் கல்லைக் கரைக்கும், கேத்தலுக்குச் செய்வதும் அதைத்தானே. இரண்டு மூன்று முழுக்கில் மயிர் நூல்போல வழுக்கியது. ஆனால் தேசிக்காயை வெட்டி அப்படியே தலைத்தோலில் தேய்க்காதீர்கள். புண் இருந்தால் எரித்துவிடும். அந்தச் சாறு தோலில் இருக்க வெயிலில் நின்றால் கொப்பளித்துக் கறுப்புத் தழும்பு விழும். பக்கத்து வளவுப் பிள்ளையின் நெற்றியில் அப்படி ஒன்று மாதக்கணக்காக இருந்தது. அப்பச்சோடாவும் வேண்டாம், அது காரம், தோலோ கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது.

சீயாக்காயைப் பற்றிக் கேட்பீர்கள், மாமியும் கேட்டார். சீயாக்காய் நன்றாகக் கழுவுகிறது, அதில் நுரைக்கிற பொருள் இயற்கையாகவே உண்டு, வன்னீரில் சவர்க்காரம்போலப் பசை கட்டாது. ஆரோக்கியமான தலைக்கு நான் அதைத்தான் சொல்வேன். செதில் பிடித்த தலையில், அரிதட்டால் சரியாக அரிக்காத தூள் செதிலுக்குள் போய் நிற்கும், கழுவி எடுக்க நாள் செல்லும். வெந்தயம் அரைத்துப் பூசுவதும் அப்படியே. குளிர்ச்சி தரும், மிச்சம் தலையில் ஒட்டும்.

எண்ணெயில் மாமியோடு ஒரு இணக்கத்துக்கு வந்திருக்கிறேன். தலைத்தோலில் வைப்பதில்லை, காதுக்குக் கீழே உள்ள மயிருக்கு மட்டும் முழுக முதல் ஒரு மணித்தியாலம் தேங்காய் எண்ணெய். ஷாம்பூ வறட்டின நுனி அதனால்தான் திரும்ப மிருதுவானது. முதலில் அவருக்கு மனவருத்தம், தான் வைத்த எண்ணெயால் எனக்குக் கூடியது என்று சொல்கிறேனோ என்று. பிறகு ஒருநாள் தன் பிடரியைக் காட்டி, "எனக்கும் ஒருக்கா உந்த மருந்தைப் போட்டுவிடு பிள்ளை" என்றார். அவருக்கும் இருந்தது. எழுபது வயதுவரை அதைச் சூடு என்று சொல்லிக்கொண்டு சொறிந்திருக்கிறார். கிணற்றடியில் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருவரும் நின்றோம்.

ஸ்கூட்டியில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஈரத்தலைக்கு மேல் ஹெல்மற் போட்டால் உள்ளே வேகிறது. நான் இப்போது முதல்நாள் பின்னேரமே முழுகி உலர்த்திவிடுவேன், ஹெல்மற்றின் உள்துணியைக் கழற்றி ஞாயிறு தோறும் தோய்த்துக் காயவைப்பேன். என் ஹெல்மற்றுக்கு மாற்றுத் துணி ஒன்றும் தைத்து வைத்திருக்கிறேன்.

இலேசான பொடுகு மட்டும் என்றால் இவ்வளவு விலையான போத்தலுக்குப் போகத் தேவையில்லை. சாதாரணக் கடைகளில் கிடைக்கிற, சிங்க் பிரிதியோன் போட்ட பொடுகு ஷாம்பூ என் தங்கைக்குப் போதுமாக இருந்தது, அதையும் சில நிமிடம் தலையில் வைத்துத்தான் கழுவ வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகப் பாவித்தும் குறையாவிட்டால், நீர் கசிந்தால், வட்டமாக மயிர் கொட்டினால், கர்ப்பமாக இருந்தால், கடைக்கு முதல் டொக்டரிடம் போங்கள்.

வாங்கும்போது பெயரோடு 2% என்பதையும் பாருங்கள், முடிவுத் திகதியையும் பாருங்கள். விசுவமடுவிலும் தர்மபுரத்திலும் நான் கேட்ட கடைகளில் இருக்கவில்லை, பரந்தன் கடந்து கிளிநொச்சிக்குத்தான் போக வேண்டியிருந்தது. புறப்பட முதல் கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். போன கிழமை மழைக்குள் நான் போனபோது முடிந்திருந்தது, செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள்.